சைவத்துக்கு மாற எந்தக் காரணம் எவ்வளவு வலுவானது?

கேள்வி சுருக்கமாக இது: "சைவ உணவுக்கு மாறச் சொல்பவர்கள் உடல்நலம், சுற்றுச்சூழல், உயிர்க்கொலை என்று மூன்று காரணங்களை அடுக்குகிறார்கள். இவற்றில் எது உண்மையிலேயே நிற்கும்? மாறினால் எதில் கவனமாக இருக்க வேண்டும்?"

மூன்றும் நிற்கும். சிக்கல் என்னவென்றால், மூன்றும் ஒரே தட்டைக் கேட்பதில்லை. உயிர்க்கொலை வேண்டாம் என்று மாறுகிறவருக்குச் சரியாகப் படும் சாப்பாடு, மாரடைப்புக்குப் பயந்து மாறுகிறவருக்கு ஒத்துவரும் என்று சொல்ல முடியாது. கோழிக்கறியை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் பாலாடைக்கட்டியை அள்ளிப் போட்டுக்கொள்கிறவர் புவியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக் கணக்கில் எதையும் மிச்சப்படுத்துவதில்லை. கணக்கு ஏறவும் கூடும். ஆகவே எதற்காக மாறுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான். இந்தப் பதிலில் சைவம் என்று நான் சொல்வது இறைச்சி, மீன், முட்டை இல்லாமல் பால் சேர்த்த உணவை. பாலும் இல்லையென்றால் நனிசைவம்.

உடல்நலத்தில் தொடங்குகிறேன். மிகைப்படுத்தல் அதிகம் நடப்பது இங்கேதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியை (சாசேஜ், பேக்கன், ஹாம் போன்றவை) புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. மாடு, ஆடு, பன்றி இறைச்சி 'அநேகமாக உண்டாக்கக்கூடும்' என்ற 2ஏ பிரிவுக்குப் போனது. புகையிலையும் அதே முதல் பிரிவில் இருப்பதால் 'சாசேஜும் சிகரெட்டும் ஒன்று' என்று பலர் எழுதினார்கள். அது தவறு. அந்தப் பிரிவுகள் ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கின்றன; ஆபத்து எவ்வளவு பெரிது என்பதைச் சொல்வதில்லை. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18% கூடுகிறது என்பதுதான் அவர்கள் தந்த அளவு. வாழ்நாளில் 100 பேரில் 5 பேருக்கு வரும் நோய் என்று வைத்துக்கொண்டால், தினமும் சாப்பிடுகிறவர்களில் அது ஏறக்குறைய 6 பேராகும். ஒதுக்கிவிடக்கூடிய அளவல்ல, பீதியடைய வேண்டிய அளவும் அல்ல.

இதய நோய் விஷயத்தில் ஆதாரம் இன்னும் நன்றாக இருக்கிறது. 30 சோதனைகளைத் தொகுத்து 2023இல் வெளியான ஆய்வில், சைவ, நனிசைவ உணவுக்கு மாற்றப்பட்டவர்களின் எல்டிஎல் கொழுப்பு (இரத்தக் குழாயில் படியும் 'கெட்ட' கொழுப்பு) சராசரியாக லிட்டருக்கு 0.30 மில்லிமோல், அதாவது டெசிலிட்டருக்கு சுமார் 12 மில்லிகிராம் குறைந்தது. இவை ஆட்களைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து நடத்திய சோதனைகள் என்பதால், 'சைவர்கள் இயல்பிலேயே ஒழுக்கமாக வாழ்கிறவர்கள், அதனால்தான் ஆரோக்கியமாக இருக்கிறார்கள்' என்ற வழக்கமான ஆட்சேபணை இங்கே எடுபடாது.

அந்த ஆட்சேபணை வலுவாக எடுபடும் இடம், ஆயுள் கூடுமா என்ற கேள்வி. அமெரிக்காவிலும் கனடாவிலும் அட்வென்டிஸ்ட் திருச்சபையினர் 73,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2013இல் வெளியானது. சைவர்களின் இறப்பு விகிதம் 12% குறைவு என்றது. பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்தும் எபிக் ஆய்வில் சைவர்களுக்கும் அவர்களைப் போன்ற மற்றவர்களுக்கும் ஒட்டுமொத்த இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அதே ஆக்ஸ்ஃபோர்டு தரவிலிருந்து 2019இல் வந்த முடிவு இன்னும் சுவாரசியமானது: சைவர்களுக்கு மாரடைப்பு வகை இதய நோய் 22% குறைவு, பக்கவாதம் 20% அதிகம். சதவீதத்தை ஆட்கணக்காக மாற்றினால், 1,000 பேரில் 10 ஆண்டுகளில் இதய நோய் 10 பேருக்குக் குறைவு, பக்கவாதம் 3 பேருக்குக் கூடுதல். கூட்டிக் கழித்தால் லாபம்தான். ஆனால் 'சைவம் சாப்பிட்டால் நோயே அண்டாது' என்று சொல்லித் திரிகிறவர்கள் இந்த 3 பேரைச் சொல்வதே இல்லை. எலும்பு முறிவும் அப்படித்தான். 2020இல் வந்த அதே ஆய்வின் இன்னொரு கட்டுரைப்படி நனிசைவர்களுக்கு எலும்பு முறிவு 43% அதிகம். இடுப்பெலும்பு முறிவு இரண்டு மடங்குக்கும் மேல். உடல் எடை குறைவாக இருப்பதும், கால்சியமும் புரதமும் போதாமல் போவதும் இதன் ஒரு பகுதியை விளக்குகின்றன.

இன்னொன்றையும் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொரித்த தின்பண்டமும் மைதாவும் சர்க்கரைக் குளிர்பானமும் சுத்த சைவம். சுமார் 2 லட்சம் அமெரிக்க மருத்துவத் துறையினரிடம் நடந்த ஆய்வு 2017இல் இதைப் பிரித்துப் பார்த்தது. முழுத்தானியம், பயறு, காய், பழம், கொட்டைகள் மிகுந்த தாவர உணவு சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் வாய்ப்பு சுமார் 25% குறைவு. தீட்டிய தானியமும் இனிப்பும் நிறைந்த தாவர உணவு சாப்பிட்டவர்களுக்குச் சுமார் 32% அதிகம். எனவே உடல்நலம்தான் உங்கள் காரணம் என்றால், எதை விட்டீர்கள் என்பதைவிட அந்த இடத்தில் எதை வைத்தீர்கள் என்பதுதான் கேள்வி. வாரம் ஒருமுறை மீனோ கொஞ்சம் கோழியோ சாப்பிட்டுக்கொண்டு மீதியை ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கும் முழுச் சைவருக்கும் உடல்நல அளவில் பெரிய தூரம் இல்லை என்பது என் கருத்து. உடல்நலத்தை மட்டும் காட்டி 100% சைவத்தை நியாயப்படுத்துவது கடினம்.

சுற்றுச்சூழல் கணக்கு வேறு மாதிரி. இங்கே ஆதாரம் வலு, வேறுபாடுகளும் மலைக்கும் மடுவுக்கும்.

119 நாடுகளின் சுமார் 38,700 பண்ணைகளின் தரவைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வுதான் இன்றும் அதிகம் பயன்படும் அளவுகோல். 100 கிராம் புரதம் கிடைக்க வெளியாகும் பசுங்குடில் வாயுவை, கரியமில வாயுவுக்குச் சமமாக மாற்றி, சராசரியாகச் சொன்னால்: இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டுக்கு சுமார் 50 கிலோ, ஆட்டிறைச்சிக்கு 20, பாலாடைக்கட்டிக்கு 11, பன்றிக்கு 7.6, கோழிக்கு 5.7, முட்டைக்கு 4.2, டோஃபுவுக்கு (சோயாப் பாலைத் திரட்டிச் செய்வது) 2, பட்டாணிக்கு 0.4. இந்த வரிசையில் பாலாடைக்கட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கோழிக்கும் பன்றிக்கும் மேலே.

காரணம் மாட்டின் வயிற்றில் இருக்கிறது. அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் நுண்ணுயிரிகள் நாரை நொதிக்க வைக்கும்போது மீத்தேன் உண்டாகி ஏப்பமாக வெளியேறுகிறது. மீத்தேன் வளிமண்டலத்தில் சுமார் 12 ஆண்டுதான் தங்கும். ஆனால் 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட 27 மடங்குக்குக் குறையாமல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். பால் மாடும் அசைபோடும் மாடுதான். ஒரு கிலோ பாலாடைக்கட்டிக்குச் சுமார் 10 லிட்டர் பால் வேண்டும் என்பதால் கணக்கு அங்கே ஏறிவிடுகிறது.

நிலக் கணக்கும் இதே ஆய்விலிருந்து: இறைச்சி, பால், முட்டை, வளர்ப்பு மீன் எல்லாம் சேர்ந்து உலக வேளாண் நிலத்தில் 83% எடுத்துக்கொண்டு, நமக்குக் கிடைக்கும் கலோரியில் 18%, புரதத்தில் 37% மட்டும் தருகின்றன. இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. அந்த நிலத்தில் பெரும்பகுதி மேய்ச்சல் நிலம், அதில் ஒரு பகுதியில் பயிர் விளையாது. உண்மைதான். ஆனால் உலகில் விளையும் சோயாவில் முக்கால் பங்கு கால்நடைத் தீவனமாகப் போகிறது என்பதும் உண்மை. 'சோயா சாப்பிடுகிறவர்களால்தான் காடு அழிகிறது' என்பவர்களுக்கு இந்த ஒரு எண் போதும்.

இடையில் ஒன்று. 'எதைச் சாப்பிட்டால் என்ன, உள்ளூரில் விளைந்ததா என்று பாருங்கள்' என்ற அறிவுரை அடிக்கடி வருகிறது. உணவால் வெளியாகும் வாயுவில் போக்குவரத்தின் பங்கு சுமார் 6% மட்டுமே. தூரத்திலிருந்து கப்பலில் வந்த பருப்பு, பக்கத்து ஊரில் வளர்ந்த மாட்டிறைச்சியைவிடப் பல மடங்கு இலேசானது. விமானத்தில் பறந்து வரும் காய்கனி மட்டும் விதிவிலக்கு.

ஆக, சுற்றுச்சூழல் உங்கள் காரணம் என்றால் முதலில் கை வைக்க வேண்டியது மாடும் ஆடும், அடுத்தது பாலாடைக்கட்டியும் வெண்ணெயும். கோழியை விட்டுவிட்டு மூன்று வேளையும் பால் பொருளாகவே சாப்பிடுவதில் அர்த்தமில்லை.

உயிர்க்கொலை என்ற காரணம் எண்களால் முடிவு செய்யக்கூடியது அல்ல என்றாலும், எண்கள் அங்கேயும் ஒரு விஷயத்தைத் திறந்து காட்டுகின்றன. உலகில் ஆண்டுக்கு 8,000 கோடிக்கும் மேற்பட்ட நில விலங்குகள் இறைச்சிக்காகக் கொல்லப்படுகின்றன. மிகப் பெரும்பகுதி கோழிகள். ஒரு மாட்டில் 200 கிலோவுக்கு மேல் இறைச்சி கிடைக்கும், ஒரு கறிக்கோழியில் ஒன்றரை முதல் இரண்டு கிலோ. சுற்றுச்சூழலுக்காக மாட்டிறைச்சியை விட்டுக் கோழிக்கு மாறுகிறவர் வாயுவைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கிறார். கொல்லப்படும் உயிர்களை நூறு மடங்குக்கு மேல் கூட்டுகிறார். இரண்டு காரணங்களும் நேருக்கு நேர் மோதுவது இங்கேதான். கொலை தவிர்ப்பதுதான் நோக்கம் என்றால் முதலில் விட வேண்டியது கோழி.

பால் இந்தக் கணக்கிலிருந்து தப்பிவிடுகிறது என்றும் நினைக்க வேண்டாம். மாடு கன்று ஈன்றால்தான் பால் தரும், ஈன்றவற்றில் பாதி காளைக்கன்று. பெரிய பண்ணைகளில் அவை இறைச்சிக்குப் போகின்றன, பால் வற்றிய பசுவும் அப்படியே. முட்டைக் கோழிப் பண்ணையில் பொரிந்த அன்றே ஆண் குஞ்சுகளைக் கொல்வது உலகெங்கும் வழக்கம். ஜெர்மனி 2022இல் அதைத் தடை செய்தது. இதைச் சொல்வது பால் குடிப்பவரைக் குற்றம் சாட்ட அல்ல. கொலை வேண்டாம் என்பதை முழுமையாக எடுத்துக்கொண்டால் அது நனிசைவத்தில் போய்த்தான் நிற்கும், இடையில் எங்கே கோடு போடுவது என்பது அவரவர் முடிவு.

இந்தக் காரணத்துக்காக மாறுகிறவர்கள் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தே ஆக வேண்டும். பாலைத் திரட்டும் ரென்னெட் பால்குடி மாறாத கன்றின் இரைப்பையிலிருந்து வரலாம். நுண்ணுயிரிகளிலிருந்து எடுத்ததும் உண்டு. பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற இத்தாலியப் பாலாடைக்கட்டியில் கன்றின் ரென்னெட் மட்டுமே அனுமதி. ஜெலட்டின் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. மெல்லும் மிட்டாய்களிலும் மாத்திரை உறைகளிலும் இருக்கும். இ120 என்று போட்டிருந்தால் அது பூச்சியிலிருந்து எடுத்த சிவப்புச் சாயம்.

பட்டியலில் பலர் சேர்க்கும் மற்றக் காரணங்களில் ஒன்றுதான் எனக்குக் கனமாகத் தெரிகிறது: நெருக்கியடைத்து வளர்க்கும் பண்ணைகளில் நோய் வராமலே கொடுக்கப்படும் நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகள். மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாக இது ஒரு வழி. வளர்ச்சியைக் கூட்டுவதற்காக இவற்றைத் தீவனத்தில் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் தடை செய்தது இதனால்தான். மனிதனின் பல்லும் குடலும் தாவர உண்ணிக்குரியவை என்ற வாதத்தை விட்டுவிடலாம். மனிதன் எல்லாம் தின்னி. எது முடியும் என்பதும் எது செய்யத் தக்கது என்பதும் வேறு வேறு கேள்விகள்.

இனி, மாறினால் எங்கே தடுக்கும் என்பது.

முதலில் புரதம். பெரியவர்களுக்குக் கிலோ எடைக்கு 0.8 கிராம் குறைந்தபட்சம். தாவரப் புரதம் சற்றுக் குறைவாகச் செரிக்கும் என்பதால் 60 கிலோ எடையுள்ளவர் 55 முதல் 60 கிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது. வேகவைத்த பருப்பு அல்லது பயறு 200 கிராமில் 18 கிராம், இரண்டு கோப்பைப் பாலில் (500 மில்லி) 16, டோஃபு 100 கிராமில் சுமார் 12, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் (30 கிராம்) 7, சோறு 300 கிராமில் 8. மொத்தம் 61. எட்டாத உயரம் ஒன்றுமில்லை. தவறு நடப்பது எப்படியென்றால், கறி இருந்த இடம் காலியாகி, அங்கே இன்னும் கொஞ்சம் சோறும் ஒரு காய்கறியும் வந்துவிடும். ஆளுக்கு 30 கிராம் பருப்பு போட்டு நீர்க்கச் சமைத்தால் அதில் வருவது 7 கிராம் புரதம்தான். தானியத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய. இரண்டும் ஒரே வேளையில் சேர வேண்டியதில்லை, ஒரு நாளுக்குள் சேர்ந்தால் போதும்.

பி12தான் உண்மையான அபாயம். தாவர உணவில் நம்பகமான பி12 கிடையாது. ஸ்பைருலினா என்ற பாசிப் பொடியில் இருப்பதாக விற்கிறார்கள். அதில் பெரும்பகுதி உடலில் வேலை செய்யாத போலி வடிவம். பெரியவர்களுக்கு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் வேண்டும், ஒரு கோப்பைப் பாலில் இருப்பது சுமார் 1. கல்லீரலில் இருப்பு பல ஆண்டுகளுக்கு வரும் என்பதால் மாறிய உடனே ஒன்றும் தெரியாது, 'எனக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்ற தைரியம் வந்துவிடும். பிறகு கைகால் மரத்துப்போதல், நடையில் தடுமாற்றம், மறதி. இதில் ஒரு பொறி இருக்கிறது: கீரையிலும் பயறிலும் ஃபோலேட் என்ற பி வைட்டமின் நிறைய இருப்பதால் இரத்தசோகை வெளியே தெரியாமல் போகலாம், நரம்புச் சேதம் மட்டும் உள்ளே நடந்துகொண்டிருக்கும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்பதை வைத்து பி12 சரியென்று முடிவு கட்டாதீர்கள்.

நனிசைவர்கள் மாத்திரையைத் தவிர்க்க முடியாது. தினமும் 50 முதல் 100 மைக்ரோகிராம், அல்லது வாரத்துக்கு 2,000 மைக்ரோகிராம் சயனோகோபாலமின் (மாத்திரையில் வரும் பி12 வடிவம்). 2.4 போதுமென்றால் இவ்வளவு எதற்கு என்று கேட்பார்கள். குடலின் சிறப்பு வழி ஒரு தடவைக்குச் சுமார் 2 மைக்ரோகிராமோடு நிரம்பிவிடும். மீதியில் ஏறக்குறைய 1% மட்டும் தானாகக் கசிந்து உள்ளே போகும். பால் குறைவாகக் குடிக்கும் சைவர்களும், 50 வயதைக் கடந்தவர்களும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மினோ அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரையோ நீண்ட காலம் எடுப்பவர்களும் இதே வழியில் போவது பாதுகாப்பு.

இரும்புச்சத்தில் அளவைவிட உறிஞ்சுதல்தான் பிரச்சினை. இறைச்சியின் ஹீம் இரும்பில் 15 முதல் 35% உடலில் சேரும், தாவர இரும்பில் அதில் ஒரு சிறு பங்குதான். அதனால்தான் சைவர்களுக்கு 1.8 மடங்கு இரும்பு வேண்டுமென்று அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) கணக்கிட்டது. வழி எளிது. பயறும் தானியமும் ஊறவைத்து, முளைகட்டி அல்லது புளிக்கவைத்துச் சமைத்தால் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டேட் குறையும். சாப்பாட்டோடு சேர்த்து ஒரு ஆரஞ்சு அல்லது கொய்யா சாப்பிட்டால் வைட்டமின் சி உறிஞ்சுதலை இரண்டு மூன்று மடங்காக்கும். சமைக்கும்போதே எலுமிச்சையைப் பிழிந்து கொதிக்கவிட்டால் வைட்டமின் சி பெரும்பாலும் வீணாகும், இறக்கிய பிறகு பிழியுங்கள். தேநீரும் காபியும் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளியே இருக்கட்டும். கால்சியம் மாத்திரையும் அப்படியே. பசலைக்கீரையை நம்பி இருக்காதீர்கள். அதிலிருக்கும் ஆக்சலேட்டால் அதன் கால்சியத்தில் 5% அளவுதான் உடலில் சேரும். பாலில் அது 30%க்கு மேல்.

மீதி விஷயங்கள் சின்னவை. மீனை விட்டதால் அயோடின் குறையும். அயோடின் சேர்த்த உப்பு வாங்கினால் தீர்ந்தது, இந்துப்பும் சாதாரணக் கடலுப்பும் இதற்கு உதவாது. ஒமேகா 3க்கு ஒரு மேசைக்கரண்டி பொடித்த ஆளி விதை. முழு விதை செரிக்காமலே வெளியே வந்துவிடும். அதிலிருக்கும் கொழுப்பு அமிலத்தை உடல் டிஹெச்ஏ என்ற ஒமேகா 3 வகையாக மாற்றுவது மிகச் சொற்பம் என்பதால் கர்ப்பிணிகள் பாசியிலிருந்து எடுத்த டிஹெச்ஏ பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

மாறிய முதல் மாதத்தில் பலர் கைவிடுவது வயிற்று உப்புசத்தால். நார்ச்சத்து திடீரென்று இரண்டு மடங்கானால் குடல் தாங்காது. வாரத்துக்கு 5 கிராம் நார்ச்சத்து என்று ஏற்றி, தண்ணீரையும் கூட்டிக்கொள்ளுங்கள். பயறு ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சிவப்பு ராஜ்மாவில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை. அதிலிருக்கும் லெக்டின் நச்சு நான்கைந்து பச்சை விதையிலேயே வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவழைக்கும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். பிரஷர் குக்கரில் பயமில்லை. குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின் பாத்திரத்தில் நேரடியாகப் போடுவதுதான் ஆபத்து. 80 டிகிரியில் அந்த நச்சு குறைவதற்குப் பதில் கூடும்.

சிறு குழந்தைகளுக்கு வேறொரு கணக்கு. வயிறு சிறியது, நார் மிகுந்த உணவு சீக்கிரம் நிரப்பிவிடும், தேவையான கலோரி போவதற்குள் போதும் என்று எழுந்துவிடுவார்கள். எண்ணெய், கடலை விழுது, மசித்த பருப்பு என்று செறிவான உணவாகக் கொடுக்க வேண்டும், எடையையும் உயரத்தையும் தொடர்ந்து குறித்து வர வேண்டும். பாலூட்டும் தாய் நனிசைவராக இருந்து பி12 எடுக்காவிட்டால் குழந்தைக்கு ஓரிரு ஆண்டு இருப்புகூடக் கிடையாது; முதல் ஆண்டுக்குள்ளேயே வளர்ச்சி பின்னடையும், அந்தப் பாதிப்பு முழுதாகச் சரியாகாமலும் போகலாம்.

மாறுவதற்கு முன் ஒருமுறை ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பைக் காட்டுவது), பி12, வைட்டமின் டி பார்த்து வைத்துக்கொண்டு, ஓராண்டு கழித்து மறுபடி பாருங்கள். மாதவிடாய் அதிகம் போகும் பெண்கள் ஆறு மாதத்திலேயே ஃபெரிட்டினைப் பார்ப்பது நல்லது. பி12 அளவு எல்லைக்கோட்டில் இருந்தால் மெத்தில்மலோனிக் அமிலம் அல்லது ஹோமோசிஸ்டீன் சோதனை செய்தால்தான் உண்மையான பற்றாக்குறையா என்று தெரியும். மாத்திரை போட்டுக்கொண்டு போய்ச் சோதித்தால் இரத்தத்தில் எண் உயர்ந்தே தெரியும் என்பதால், சோதனையை மாத்திரை தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.